சங்குக்குப் பெயர் சொல்லத் தெரியாது

அன்றைக்கு அப்பாவிடம் சங்கை ஊதச் சொன்னது சரியா, தவறா? எட்டு வயதில் நான் செய்த அந்தக் காரியத்துக்கு, எட்டு வயது மகளுக்குத் தாயான பிறகும் என்னால் விடை சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி எழும்போதெல்லாம் முதலில் வருவது ஒரு வாசம்தான். ரப்பர் பாலை உறைய வைக்கும் அமிலத்தின் புளிப்பும் டீசல் புகையும் ஈரச் சிமெண்டுத் தரையும் கலந்து, மூக்கின் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு மாலை வரை எழுந்திருக்காத வாசம்.

மலேசியாவில், சுங்காய் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அப்பா அங்கே ஆலையில் எஞ்சின் பார்ப்பவர். பள்ளி விடுமுறையில் அவருக்குப் 'பசியாற' ரொட்டியும் தேநீரும் கொண்டுபோவது என் வேலை. ஆலைக்குள் நுழைந்தால் எஞ்சின் சத்தம் காதுக்கு முன்னால் பாதத்துக்குத்தான் கேட்கும். ஒரு எஞ்சின், அதிலிருந்து கூரை வரை ஓடும் தோல் பட்டைகள், அந்தப் பட்டைகள் சுழற்றும் இரும்பு உருளைகள். உறைந்த பால் ஒரு பக்கம் தலையணை போலத் தடிமனாக உள்ளே போய், மறுபக்கம் வரி வரியாகக் கோடு விழுந்த வெள்ளைத் துணி போல வெளியே வரும். அந்த உருளையை முன்பெல்லாம் இரண்டு பேர் எதிரெதிரே நின்று கையால் சுற்றுவார்களாம். எஞ்சின் வந்த பிறகு பத்துப் பேர் வேலையை ஒரு பட்டை பார்த்தது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். மீதி ஒன்பது பேர் என்ன ஆனார்கள் என்று நான் கேட்டதற்கு, "பால் வெட்டப் போயிட்டாங்க, வேற எங்க போவாங்க" என்றார்.

எஞ்சினைவிட எனக்குப் பெரியதாகத் தெரிந்தது சங்கு. ஆலைக் கூரை மேல் இருந்த மின்சார ஊதிக்கு எங்கள் தோட்டத்தில் அதுதான் பெயர். சுவரில் இருந்த சுவிட்சை அப்பா அழுத்தினால் அது ஊதும். விடியுமுன் ஒரு நீண்ட ஊதல், வேலைக்கு வர. பதினோரு மணிக்கு ஒன்று, மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் மங்குக் கிண்ணத்தில் சேர்ந்திருக்கும் பாலை எடுக்க. மாலையில் ஒன்று, வேலை முடிய. தோட்டத்தில் கடிகாரம் இருந்த வீடுகள்கூடச் சங்கைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்தின. இவை தவிர, நேரங்கெட்ட நேரத்தில் குட்டையாக ஊதினால் அதற்கு ஒரே பொருள்தான்: மழை வருகிறது, மங்கில் இருக்கிற வரைக்கும் பாலை எடுத்துக்கொண்டு ஓடி வா. மழைநீர் கலந்தால் பால் வீண். அதனால் குட்டை ஊதலைக் கேட்டவர் யாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

போன் இருந்த இடம் 'நானா கடை'. தோட்டத்து முகப்பில் மளிகைக் கடை வைத்திருந்த அவரை ஊரே நானா என்றுதான் அழைத்தது. தராசுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நாணயப் போன். அலுவலகத்துப் போன் துரைக்கும் கணக்கு எழுதும் கிராணிக்கும் உரியது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த எங்கள் அனைவருக்கும் அந்த ஆரஞ்சுப் போன்தான் ஊரின் காது. வெளியூரிலிருந்து யாராவது அழைத்தால் நானா எடுத்து, "பத்து நிமிஷம் கழிச்சு எடுங்க, ஆள் அனுப்புறேன்" என்று வைத்துவிடுவார். கடையில் யார் நின்றாலும் அவர்தான் அந்த ஆள். அரிசி வாங்க வந்தவர் அரிசியை வைத்துவிட்டு லயத்துக்கு ஓடுவார். யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை, நாளை தனக்கும் ஒரு போன் வரலாம் அல்லவா.

என் அம்மாவின் தங்கை சரஸ்வதி, எனக்குச் சின்னம்மா, எங்களோடுதான் இருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அவர், ஈப்போவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலை கேட்டுப் போய்வந்தார். புதன்கிழமை பதினோரு மணிக்கு அழைத்துச் சொல்கிறோம் என்றார்களாம். எண் கேட்டபோது நானா கடை எண்ணைத்தான் கொடுத்திருந்தார். கங்காணியிடம் கெஞ்சி, அன்று பத்தே முக்காலுக்கு வெட்டுக் காட்டிலிருந்து கடைக்கு வந்துவிட ஏற்பாடும் செய்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலேயே என்னைக் கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனார். "போன் பக்கத்துலயே இரு. நகராதலா."

ஒன்பதரைக்கே போன் அடித்தது. நானா ஒரு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன்.

"ஹலோ, சரஸ்வதி அடா?" என்று மலாயில் ஒரு பெண் குரல்.

"இல்லங்க, பால் வெட்டப் போயிருக்காங்க."

"ஓ, தமிழா? நீ யாரும்மா?"

"அவங்க அக்கா மக."

"பதினோரு மணிக்குத்தான் எடுக்கறதா இருந்தேன். மேனேஜர் பத்தரைக்குள்ள பேர் குடுக்கச் சொல்றாரு. அரை மணி நேரத்துல திரும்ப எடுக்கிறேன், கூப்பிட்டு வை. ஆள் இல்லன்னா அடுத்த பேருக்குப் போயிருவேன், சரியா?"

சின்னம்மாவின் நிரை, அவர் பால் வெட்டும் மர வரிசை, தோட்டத்தின் கடைசி மலைச்சரிவில் இருந்தது. நான் நடந்தால் ஒரு மணி நேரம். நானாவின் மோட்டார் சைக்கிளோ அன்று பட்டறையில். "என்னா புள்ள, முழிக்கிற?" என்று நானா கேட்டு முடிப்பதற்குள் நான் ஆலைக்கு ஓடினேன். அவ்வளவு தூரம் நொடியில் போகக்கூடியது எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது.

விஷயத்தைக் கேட்ட அப்பா சுவிட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைத் துணியில் துடைத்தார். கண்டதற்கெல்லாம் ஊதக் கூடாது என்ற விதி அவருக்குத் தெரியும். நான் அழத் தொடங்கியிருந்தேன் என்று நினைக்கிறேன். "ஒண்ணே ஒண்ணுப்பா. சின்னதா." அப்பா அழுத்தினார். அவர் நினைத்ததும் நான் நினைத்ததும் ஒன்றுதான்: போனுக்காகக் காத்திருப்பவள் சங்கைக் கேட்டால் தனக்குத்தான் என்று புரிந்துகொள்வாள்.

சங்குக்குப் பெயர் சொல்லத் தெரியாது என்பது அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. தோட்டம் முழுக்க அத்தனை பேரும் வெட்டுக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, பாதி வெட்டிய நிரையை அப்படியே விட்டுவிட்டு, சொட்டிக்கொண்டிருந்த பாலை எடுக்கத் தொடங்கினார்கள். சின்னம்மாவும்தான். வேலையில் ஒழுங்கானவர், மழை ஊதல் கேட்டால் ஒரு மங்கைக்கூட விடாமல் வழித்துத்தான் வருவார்.

கடைக்குத் திரும்பி ஓடி வந்த எனக்கு இரண்டாவது அழைப்பு சரியாகப் பத்துக்கு வந்தது.

"வந்துக்கிட்டே இருக்காங்கக்கா. சங்கு ஊதிட்டோம்."

"என்னாது ஊதிட்டீங்க?"

போனை அவர் வைத்துவிடக் கூடாது என்ற பயத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். எஞ்சின், சுவிட்ச், மலைச்சரிவு, நானாவின் மோட்டார் சைக்கிள் எல்லாம். அந்தப் பக்கம் முதலில் சிரிப்பு. பிறகு ஒரு பெருமூச்சு. "எனக்கு நேரம் இல்லம்மா. ஒண்ணு மட்டும் சொல்லு. உங்க சின்னம்மா வேலைக்கு வருவாங்களா, மாட்டாங்களா?"

"வருவாங்க. கண்டிப்பா வருவாங்க."

"அப்போ திங்கக்கிழமை எட்டு மணி. அடையாள கார்டு, அதான் ஐசி, எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

தோளில் கம்பும் இரண்டு பக்கமும் பால் வாளிகளுமாகச் சின்னம்மா நிறுவைக் கொட்டகைக்கு வந்தபோது பத்தரை தாண்டியிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஆலை வாசலில் கூட்டம். "என்னாண்ணே, மழை எங்க? சட்டைப் பையில வச்சிருக்கீங்களா?" என்று ஒருவர் அப்பாவைக் கேட்டார். விஷயம் தெரிந்ததும் இன்னொரு அக்கா, "சரசு கல்யாணத்துக்கும் நீங்களே ஊதிருங்கண்ணே, மேளம் மிச்சம்" என்றார். சிரித்தார்கள்தான். ஆனால் அன்று எல்லோருடைய வாளியும் பாதிதான் நிறைந்திருந்தது.

கிராணி சிரிக்கவில்லை. "மழ வரல, தீப் புடிக்கல. அப்பறம் எதுக்குய்யா சங்கு?"

"போன் வந்திச்சு, கிராணி."

"போன் வந்தா சங்கா? நாளைக்கு தந்தி வந்தா வெடி போடுவியா?"

மறுவாரம் சுவிட்சுக்கு மேல் ஒரு மரப்பெட்டி அடித்துப் பூட்டுப் போட்டார்கள். சாவி அலுவலகத்தில். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஊதலுக்கும் அப்பா அலுவலகம் வரை நடந்து, கிராணி மேசை முன்னால் நின்று சாவி வாங்கி, ஊதிவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டு வரவேண்டும். ஆலை மூடும் வரை அப்படித்தான். அந்த நடையை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி என்னிடம் இவ்வளவு நாள் தங்கியிருக்காதோ என்னவோ.

செய்தியைச் சொன்னபோது சின்னம்மா கடை பெஞ்சில் உட்கார்ந்து, தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வருவேன்னு நீயே சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை முதல் பேருந்தில் போனார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, போனுக்குள் வைக்கும் அரிசி மணியளவு துண்டுகளைப் பூதக்கண்ணாடி வழியாகச் சரிபார்ப்பது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நானா கடைக்கு அழைப்பார். நாங்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு வார்த்தை பேசுவோம். "இந்தப் போன்லகூட நான் பாத்த சாமான் இருக்கலாம்லா" என்பார். நான் ஆரஞ்சுப் பெட்டியை மரியாதையோடு தடவிப் பார்ப்பேன். சில ஆண்டுகளில் பாலை லாரித் தொட்டியில் வேறு ஊருக்கு அனுப்பத் தொடங்கினார்கள், ஆலை மூடியது, மரங்களை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள். நாங்கள் போய் நிற்க ஈப்போவில் ஓர் இடம் இருந்தது என்றால், அது சின்னம்மாவின் வாடகை வீடுதான். நான் படித்தது, கணக்கர் வேலைக்கு வந்தது, இன்று ஓரளவு நிம்மதியாக இருப்பது எல்லாம் அந்த வீட்டிலிருந்து தொடங்கியவை.

இப்போது இதையெல்லாம் எழுதக் காரணம் சென்ற மாதம் நடந்த ஒன்று. என் மகள் யாழினியின் டியூஷன் வகுப்பு ஒரு மணி நேரம் முன்னதாக முடிந்தது. செய்தி பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்து, இருபது தாய்மார்கள் கட்டைவிரல் காட்டிவிட்டார்கள். நான் ஒரு கூட்டத்தில், போனை ஊமையாக்கிப் பையில் வைத்திருந்தேன். பக்கத்து உணவுக்கடையில் அவள் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். கடைக்கார அக்கா போன் கொடுத்தாராம். அவளுக்கு என் எண் தெரியவில்லை. நானா கடை எண் எனக்கு இன்றும் மனப்பாடம். என் மகளுக்கு என் எண் தெரியாது. சங்காக இருந்திருந்தால் எனக்கும் கேட்டிருக்கும் என்று அன்று முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுப்பதா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். கொடுத்தால் கண் கெடும், யார் யாரோ அழைப்பார்கள். கொடுக்காவிட்டால் மறுபடி ஒரு நாள் எங்காவது தனியாக நிற்பாள். கணவர் உன் இஷ்டம் என்கிறார், அதுதான் இன்னும் கஷ்டம். போன வாரம் இதைச் சின்னம்மாவிடம் புலம்பினேன். தடித்த கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எட்டு வயசுல போன எடுத்து என் வாழ்க்கைக்கே பதில் சொன்னவ நீ. உன் புள்ள கையில போனக் குடுக்க பயப்படுறியா?"

"நான் சொன்னது சரிதானே சின்னம்மா? நீங்க லைன்ல வந்திருந்தாலும் அதத்தானே சொல்லியிருப்பீங்க?"

"எங்க! பயந்து போயிருந்தேன். வரலன்னு சொல்லத்தான் பத்தே முக்காலுக்கு வர்றதா இருந்தேன்."

என் கையில் இருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டேன். "அப்பறம் ஏன் போனீங்க?"

"அத்தன பேரு வாளியும் பாதியில நின்னுச்சு. உங்கப்பா கிராணி முன்னால தலையக் குனிஞ்சு நின்னாரு. அதுக்கப்பறம் வரலன்னு சொல்ல முடியுமாலா?"

கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம், "உங்களத்தான்பா நான் மாட்டி விட்டேன்" என்றேன். "சங்க ஊதுனது நீயா, நானா?" என்று சொல்லிவிட்டு அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

நன்றாகத்தான் முடிந்தது, தெரியும். ஆனாலும் ஒரு குழந்தை பதில் சொல்லக்கூடாத கேள்விக்குப் பதில் சொன்னேன், அதைச் சொல்ல வைத்தது கையில் இருந்த போன்தான். இதை எந்தப் பக்கத்தில் வைத்து எடை போடுவது?

தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வரிசையாகச் செம்பனை. எஞ்சினைப் பழைய இரும்புக்காரர் லாரியில் ஏற்றிப் போனதை நானே பார்த்தேன். நானா கடை எண்ணுக்கு ஒரு முறை அழைத்துப் பார்த்தேன். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னது. பத்து நிமிடம் கழித்து எடுக்கச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இப்போதைக்கு யாழினிக்கு என் எண்ணைப் பாட்டுப் போலச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் இன்னும் இடம் மாறுகின்றன. இதைப் படிக்கும் உங்களில் எட்டு வயதுப் பிள்ளைக்குப் போன் கொடுத்தவர்கள் இருப்பீர்கள், கொடுக்காமல் தாக்குப்பிடித்தவர்களும் இருப்பீர்கள். கொடுக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமா? பள்ளி விடுமுறை முடிவதற்குள் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.