சுலேமா டயர் பார்க்கும் நேரம்

எங்கள் லினியர்ஸ் பேட்டையில் யார் வீட்டில் பெட்டி கட்டினாலும் 'எல் தேரோ' வண்டி ஆபீஸுக்கு ஒரு போன் வந்துவிடும். "எசெய்சா ஏர்போர்ட்டுக்கு ஒரு வண்டி வேணும். சுலேமா இருந்தா சுலேமாவையே அனுப்புங்க" என்பார்கள்.

சுலேமா பெனாவிதெஸ் வண்டி ஓட்டுவதில் புலி ஒன்றும் இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது ஆபீஸ் வாசல் பூந்தொட்டியை இடித்து உடைத்தவள். மழை பெய்தால் அவளுடைய வெள்ளை கோர்சா காருக்குள் நனைந்த நாய் வாசம் வரும். ஆனாலும் ஜனங்களுக்கு அவள்தான் வேண்டும். காரணம், அவள் டயர் பார்ப்பாள்.

எங்கள் ஊரில் ஒருத்தர் வெளிநாடு கிளம்பினால் ஒருத்தராகக் கிளம்ப மாட்டார். பையன் பார்சிலோனா போகிறான் என்றால் அம்மா, அப்பா, அத்தை, காதலி எல்லாரும் ஒரே வண்டியில் அடைந்துகொள்வார்கள். பின்னால் இன்னொரு வண்டியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்கள். வழியெல்லாம் கிண்டலும் சிரிப்புமாக வந்துவிட்டு, எசெய்சா வாசலில் பெட்டியை இறக்கினதும் மொத்தமாக உடைந்து அழுவார்கள். அங்கே வண்டி நிற்கக் கூடாது. போலீஸ் விசில் ஊதும். மற்ற டிரைவர்கள் என்ஜினை அணைக்காமல் ஸ்டியரிங்கில் தாளம் போடுவார்கள். சுலேமா மட்டும் இறங்கி முன்பக்க டயரிடம் போய்க் குனிவாள். கட்டை விரலால் அழுத்துவாள். சந்தேகமாகப் பார்ப்பாள். அடுத்த டயருக்குப் போவாள். போலீஸ் வந்தால், "காத்து இறங்குற மாதிரி இருக்கு, ஒரு நிமிஷம்" என்பாள். நாலு டயரும் பார்த்து முடிந்தும் அழுகை ஓயவில்லை என்றால் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்ப்பாள். அந்த வண்டியில் ஒருநாளும் ஒரு டயரும் பஞ்சர் ஆனதில்லை. எல்லாருக்கும் அது தெரியும். யாரும் வாய் திறந்து சொன்னதில்லை.

இப்படி ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் கொண்டுபோய் விட்டவள், தன் சொந்த மகளை விடவில்லை.

மகள் அயெலேன் நர்ஸ். சிலே நாட்டில், சாந்தியாகோவில் வேலை கிடைத்துக் கிளம்பின அன்று காலையில், "மோரோனுக்கு ஒரு சவாரி, மறுக்க முடியலடி" என்று சொல்லிவிட்டு சுலேமா வெளியே போய்விட்டாள். அயெலேன் தனியாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் எசெய்சா போனாள். அதற்கப்புறம் ரெண்டு வருஷமாகப் பிறந்தநாளுக்கு ஒரு போன், புது வருஷத்துக்கு ஒரு போன். அவ்வளவுதான் பேச்சு.

அப்படி இருந்தவள் போன வாரம் திடீரென்று கூப்பிட்டாள்.

"அம்மா, எனக்கு மாட்ரிட்ல வேலை கிடைச்சிருக்கு. சனிக்கிழமை அங்க வந்து பிளேன் மாறுறேன். நடுவுல அரை நாள் இருக்கு. நீ வண்டிய எடுத்துட்டு வா. இந்தத் தடவை நீதான் என்னைக் கொண்டுபோய் விடணும். வேற சவாரி இருக்குன்னு சொன்னா, அப்புறம் நான் கூப்பிடவே மாட்டேன்."

"வரேன்டி. சத்தியமா வரேன்" என்றாள் சுலேமா. வண்டி நம்பரே மறந்துபோகிற அளவுக்குப் பதற்றம். எங்கே இறங்குவேன் என்று மகள் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பிளேன் வந்தால் எசெய்சா. உள்நாட்டு பிளேன் என்றால் ஊருக்குள்ளே ஆற்றங்கரையில் இருக்கும் இன்னொரு ஏர்போர்ட், ஏரோபார்க்கே. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன?

அங்கேதான் தப்பு நடந்தது. இந்த வருஷம் சிலே மாதிரிப் பக்கத்து நாட்டு விமானங்களை ஏரோபார்க்கேவுக்கு மாற்றியிருந்தார்கள். ஆபீஸில் மாத்தே டீ குடிக்கும்போது டிரைவர்கள் இதையே பேசிப் பேசிச் சிரித்தார்கள். ஏர்போர்ட் மாறிப் போய் நின்ற பயணிகளைப் பற்றி சுலேமாவும் சேர்ந்து சிரித்தாள். "டிக்கெட்டைப் படிக்கத் தெரியாதவங்க எல்லாம் எதுக்குய்யா பறக்கணும்" என்று கேட்டவளே அவள்தான். மகள் கூப்பிட்ட பதற்றத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

சனிக்கிழமை அவள் எசெய்சாவில் நின்றாள். முன் சீட்டில் ஒரு பொட்டலம். மகளுக்குப் பிடித்த, மேலே கருப்புச் சர்க்கரை அப்பின பன். பிளாஸ்க்கில் வெந்நீர். மிலனேசா என்கிற பொரித்த இறைச்சி வைத்த ரொட்டி. பக்கத்து யூகலிப்டஸ் தோப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மகளை இங்கேயே திரும்பக் கொண்டுவந்து விடலாம் என்று கணக்கு.

பலகையில் சாந்தியாகோ விமானத்தைக் காணோம். லேட்டாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி பார்த்தாள். வெளியே வருகிற முகங்களை எல்லாம் பார்த்தாள். கடைசியில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் கேட்டாள்.

"சிலேயிலிருந்து வர்றதா? அது இப்பல்லாம் ஏரோபார்க்கேலதானே இறங்குது. இன்னிக்கு நீங்க மூணாவது ஆள் கேக்குறது."

மகளிடம் இருப்பது சிலே போன், இங்கே வேலை செய்யாது. பிளேன் எப்போதோ இறங்கியிருக்கும். அங்கே அவள் வாசலைப் பார்த்துப் பார்த்து நின்று, என்ன நினைப்பாள்? மறுபடியும் அம்மா வரவில்லை என்றுதான் நினைப்பாள்.

சுலேமா ஓடிப்போய் வண்டியில் ஏறினாள். சாவியைத் திருகினாள். உடனே அணைத்தாள். இப்போது கிளம்பினால் நகரத்தைக் குறுக்கே தாண்டணும். மாட்ரிட் பிளேன் எசெய்சாவிலிருந்துதான். அதற்குள் மகள் டாக்ஸி பிடித்து இங்கே கிளம்பிவிட்டால்? ரெண்டு பேரும் ரோட்டில் எதிரெதிரே கடந்துபோவார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் அவள் மாட்ரிட் போய்விடுவாள். போகாமல் இங்கேயே நின்றாலோ, அம்மாவுக்காக அங்கே காத்திருந்து காத்திருந்து பிளேனையே விட்டுவிடுவாள். போனாலும் தப்பு, நின்றாலும் தப்பு.

வண்டியிலிருந்த ரேடியோ மைக்கை எடுத்தாள். ஆபீஸில் சவாரி பிரித்துக் கொடுக்கிற எல்பா இருந்தாள்.

"எல்பா, எம்பொண்ணு ஏரோபார்க்கேல நிக்கிறா. நான் எசெய்சால நிக்கிறேன். ஓவர்."

"நீயா? நம்ம சுலேமாவா?" என்றாள் எல்பா. நடுவில் யாரோ ஒரு டிரைவர் புகுந்தான். "நம்ம ஆபீஸுக்குப் பேர் பொருத்தம்பா. தேரோ பறவை ஒரு பக்கம் நின்னு கத்தும், முட்டை இன்னொரு பக்கம் இருக்கும்."

"வாயை மூடுடா" என்றாள் எல்பா. "ஏரோபார்க்கே பக்கம் யாரு இருக்கீங்க?"

ஒரு கட்டைக் குரல் வந்தது. "நான் இருக்கேன்."

கொரோசித்தோ. சுலேமா வண்டியில் நாய் வாசம் அடிக்கிறது என்று பயணிகள் முன்னாலேயே சொல்லி, அதிலிருந்து அவளோடு பேச்சுவார்த்தை இல்லாத டிரைவர். கைபேசி வைத்துக்கொள்ளாத மனுஷன். எங்கே இருக்கிறோம் என்று பொண்டாட்டிக்குத் தெரிந்துவிடுமாம்.

சுலேமா கண்ணை மூடிக்கொண்டாள். "கொரோசித்தோ, உன் கால்ல விழுறேன். அவளைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வாய்யா."

"கால்ல எல்லாம் விழ வேணாம். ஆள் எப்படி இருப்பா?"

"என் மூக்கு இருக்கும். அழுதிருப்பா, ஆனா அழாத மாதிரி நிப்பா."

அப்புறம் ரேடியோவில் சத்தமே இல்லை. சுலேமா வண்டியை விட்டு இறங்க முடியாது, இறங்கினால் மைக்கை விட்டுவிடணும். மாத்தே ஊற்றினாள். குடிக்கவில்லை. ஆறிப்போனது. மேலே ஒரு விமானம் எழும்பும்போதெல்லாம், அது எதுவாக இருந்தாலும், கண்ணாடி வழியாக அண்ணாந்து பார்த்தாள்.

"கிடைச்சுட்டா" என்றது ரேடியோ. "டாக்ஸி வரிசைல நின்னுட்டிருந்தா. நான் கூப்பிட்டா நம்ப மாட்டேங்குறா. என்னைப் பார்த்தா கடத்திட்டுப் போறவன் மாதிரி இருக்காம். கடைசில, உங்கம்மா வண்டில நாய் வாசம் அடிக்கும்னு சொன்னேன். உடனே ஏறிட்டா."

ஆபீஸ் பூராவும் சிரித்தது ரேடியோவில் கேட்டது. சுலேமா சிரிக்கவில்லை. "அவகிட்ட மைக்கைக் குடு."

"அம்மா?"

"அயெலேன். நான் வந்துட்டேன்டி. காலைலேயே வந்துட்டேன். தப்பான இடத்துக்கு வந்துட்டேன்."

பட்டனை அமுக்கிக் காட்டும் கொரோசித்தோவின் குரல் தூரத்தில் கேட்டது. "அந்தப் பட்டனை அமுக்கிட்டுப் பேசணும் பாப்பா. முடிச்சதும் ஓவர்னு சொல்லு."

"நீ வரலன்னு நினைச்சேன். ஓவர்" என்றாள் மகள்.

அந்த 'ஓவர்' சுலேமாவை அடித்துப் போட்டது.

ஜெனரல் பாஸ் சாலை வரைக்கும் கொரோசித்தோவின் வண்டி ஒழுங்காக வந்தது. ரிச்சேரி நெடுஞ்சாலையில் ஏறினதும் நின்றுவிட்டது. யாரோ வேலை போன தொழிலாளிகள் டயர் கொளுத்தி மறியல் பண்ணிக்கொண்டிருந்தார்கள். புகை தெரிகிறது, முன்னால் எதுவும் நகரவில்லை என்றான் கொரோசித்தோ. சுலேமா கடிகாரத்தைப் பார்த்தாள். அரை நாள் எப்படிக் கரைந்தது என்றே தெரியவில்லை. இனி தோப்பும் இல்லை, சாப்பாடும் இல்லை. பிளேன் கிடைத்தால் போதும் என்கிற நிலைமை.

"எல்லாரும் லைனை விட்டு விலகுங்க" என்றாள் எல்பா. "இந்த ரெண்டு பேரும் பேசட்டும். சவாரி எல்லாம் நான் போன்ல பார்த்துக்கிறேன்."

யாரும் பேசவில்லை. ஆனால் லினியர்ஸிலிருந்து ஓடுகிற அத்தனை வண்டியிலும் ரேடியோ திறந்தே இருந்தது. யார் அணைப்பார்கள்?

"அம்மா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஏன் வரல? ஊர்ல எல்லாரையும் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்ட. என்னை மட்டும் ஏன் விடல? ஓவர்."

சுலேமா மைக்கின் பட்டனை அமுக்கினாள், விட்டாள். பொறுக்க முடியாமல் யாரோ ஒருத்தன், "சொல்லும்மா சுலேமா, சிக்னல்ல பச்சை விழுந்தும் நான் நகரல" என்றான்.

"அன்னிக்கு மோரோன் சவாரின்னு ஒண்ணும் இல்லடி" என்றாள் சுலேமா. "பொய் சொன்னேன். பேக்கரி முனைல வண்டிய நிறுத்திட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நீ பெட்டிய இழுத்துட்டுப் போனதைப் பார்த்தேன். அந்தச் சக்கரம் ஒண்ணு உடைஞ்சிருந்துச்சு. நீ அதைத் தூக்கித் தூக்கி வச்சுட்டுப் போன."

"பார்த்துட்டு ஏம்மா கூப்பிடல?"

"கூப்பிட்டா போகாதன்னு சொல்லியிருப்பேன். நீயும் போயிருக்க மாட்ட. வாசல் வரைக்கும் வந்து அழுற அத்தனை அம்மாவையும் நான் பார்த்துட்டேன்டி. அவங்க அழும்போது நான் டயரைப் பார்ப்பேன். நான் அழுதா யாருடி டயரைப் பார்க்கிறது?"

மகள் ஓவர் சொல்லவில்லை. பட்டனை அமுக்கியபடியே இருந்தாள். அவள் மூக்குறிஞ்சுவது மட்டும் ஊர் பூராவும் கேட்டது.

"கண்ணாடி மங்கலா இருக்கு" என்றான் கொரோசித்தோ பக்கத்திலிருந்து. "ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. எனக்கு ரோடு தெரியணும்."

அவன் மறியல்காரர்களிடம் இறங்கிப் போனான். என்ன பேசினான் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் கேட்டபோது, "பொண்ணு ஸ்பெயின் போறா, அம்மா அங்க நிக்கிறான்னு சொன்னேன், அவ்ளோதான்" என்றான். எந்த வீட்டில்தான் ஒரு பிள்ளை ஸ்பெயினில் இல்லை? ரெண்டு பேர் எரிகிற டயரைக் கம்பால் தள்ளி ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு வழி விட்டார்கள்.

எசெய்சா வாசலில் சுலேமா பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ தடவை நின்ற அதே இடம். இன்றைக்கு எங்கே கையை வைப்பது, எங்கே பார்ப்பது என்று எதுவும் தெரியவில்லை. கொரோசித்தோவின் நீல வண்டி புகை வாசத்தோடு வந்து நின்றது. அயெலேன் இறங்கினாள். முடியை வெட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். மூக்கு மட்டும் அப்படியே இருந்தது.

"லேட்டாயிடுச்சும்மா. உடனே உள்ள போகணும்."

"தெரியும்டி, போ, போ" என்று சொல்லிக்கொண்டே சுலேமா அவள் கையை விடவில்லை. பொட்டலத்தைக் கொடுத்தாள். பன் நசுங்கி, சர்க்கரை எல்லாம் காகிதத்தில் ஒட்டியிருந்தது. அயெலேன் அங்கேயே ஒன்றை எடுத்துக் கடித்தாள். கடித்தபடியே அழுதாள். சுலேமாவுக்கு வந்தது சத்தமான அழுகை. இத்தனை வருஷமாக மற்றவர்கள் அழுத மாதிரியே, அதே இடத்தில், வாயைத் திறந்து அழுதாள்.

போலீஸ்காரி விசில் ஊதிக்கொண்டு வந்தாள். "இங்க நிக்கக் கூடாது, வண்டிய எடுங்க."

"ஒரு நிமிஷம் மேடம்" என்றான் கொரோசித்தோ.

அவன் குனிந்து தன் வண்டியின் முன்பக்க டயரைக் கட்டை விரலால் அழுத்தினான். தலையை ஆட்டினான். பின்னால் போனான். அந்தப் பக்கம் சுற்றிப் போனான். நாலாவது டயரையும் பார்த்து முடித்தான். நிமிர்ந்து அவர்களைப் பார்த்தான். அவர்கள் இன்னும் முடிக்கவில்லை.

மெதுவாக நடந்துபோய் டிக்கியைத் திறந்தான்.