கூகையைக் கூப்பிட்டேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம், வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தொடங்கியது இது. காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காபிகூடக் குடிக்காமல், முழங்கை நீள டெலிபோட்டோ லென்ஸைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவேன். "என்னைவிட அந்தக் குழாயத்தான் நீ அதிகமா பாக்குற" என்று என் கணவர் கேலி செய்வார். உண்மைதான்.

சுற்றிலும் வயல். கொக்கு, மீன்கொத்தி, கரிச்சான் எல்லாம் எடுத்தாயிற்று. ஆந்தை இனத்துக் கூகை மட்டும் சிக்கவில்லை. அந்த வெள்ளை முகத்தை ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்று பித்துப் பிடித்து அலைந்தேன். பறவைப் படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் குறுக்கு வழி சொன்னார். அதன் குரலைப் பதிவிலிருந்து போட்டால் தேடிக்கொண்டு வருமாம். அது செய்யக் கூடாத காரியம் என்று அங்கேயே இரண்டு பேர் கண்டித்தார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் சின்ன ஸ்பீக்கரை மாடிச் சுவரில் வைத்து ஓடவிட்டேன். துணியைக் கிழிப்பதுபோல் ஓர் அலறல். பனி இறங்கிய வயலில் அது பரவியபோது, போட்ட எனக்கே முதுகு சில்லிட்டது. மூன்று நாள் போட்டேன். ஒரு சிறகுகூடத் தென்படவில்லை.

நான்காம் நாள் காலை பக்கத்து வீட்டு அத்தை வேலியோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். அத்தை என்பது அக்கம்பக்கத்து முறைதான். அவர் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இதய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"மூணு நாளா சாக்குருவி கத்துதும்மா. மாமா காதுல விழுந்துட்டு. 'எனக்குத்தான் சேதி சொல்லுது'ன்னு மாத்திரையத் தொட மாட்டேங்குறாங்க. கஞ்சியும் எறங்கல. துபாய்ல இருக்கற மவன வரச் சொல்லிட்டாங்க."

சாக்குருவி என்பது கூகைதான் என்பதும், அது கத்தினால் சாவு என்று சொல்வதும் இந்த ஊரிலேயே பிறந்த எனக்குத் தெரியாததா? படம், படம் என்ற வெறியில் மறந்தே போயிருந்தேன். சொன்னால் ஊரே காறித் துப்பும். சொல்லாவிட்டால் அந்த மனிதர் போய்விடுவார். வாயைத் திறக்காமல் பஸ் ஏறிவிட்டேன். அன்று அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை.

மாலையில்தான் தைரியம் வந்தது; ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா ஜன்னலோரக் கட்டிலில், சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முகத்தில் வலியும் இல்லை, பயமும் இல்லை. ஏற்கெனவே கிளம்பிவிட்டவர்போல் இருந்தார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பீக்கரைக் கையில் வைத்து, அந்த அலறலை அவர் எதிரிலேயே ஓடவிட்டும் காட்டினேன். அத்தை திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மாமா எழுந்து உட்கார்ந்து, வெகுநேரம் ஸ்பீக்கரையே பார்த்தார். பிறகு அத்தையிடம், "கஞ்சி கொண்டா" என்றார்.

அத்தை அடுப்படிக்குப் போனார். நான் ஸ்பீக்கரை அணைத்துக் கைப்பைக்குள் போட்டேன்.

அப்போது கேட்டது அதே அலறல். மாமாவின் முதுகுக்குப் பின்னால், ஜன்னலை ஒட்டிய தென்னையிலிருந்து. ஒருமுறை. சற்று நிறுத்தி மறுபடியும். நான் நிமிர்ந்து பார்த்தேன். மட்டை மேல் வெள்ளை முகம், அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. லென்ஸே தேவைப்படாத தூரம்.

மாமா என் கைப்பையைப் பார்த்தார். "இதுவும் ஒன் மிஷின்தானம்மா?"

"ஆமா மாமா, சரியா அணைக்கல போலருக்கு" என்றேன். பைக்குள் கையை விட்டு எதையோ அமுக்கினேன். அந்த நொடியே வெளியில் குரல் நின்றது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது.

மாமா கஞ்சியைக் குடித்தார், மாத்திரையையும் போட்டுக்கொண்டார். இப்போது சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போய் வருகிறார். என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். அன்று நான் சொன்ன பொய்யை இதுவரை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை; ஒப்புக்கொள்ளப் போவதுமில்லை. நான் கூப்பிட்டதால்தான் அந்தக் கூகை வந்தது என்று பகலெல்லாம் உறுதியாக நம்புகிறேன். பொழுது சாய்ந்தால் மட்டும் அந்த உறுதி எனக்குப் போதவில்லை.