ஒடிலியாவின் மாமாவும் அமெரிக்க நீர்மூழ்கிகளும்

ஒடிலியா ஃபுர்த்தாடோவுக்குச் சிரிப்பு வரக்கூடாத இடத்தில்தான் வரும். இழவு வீட்டில் வந்திருக்கிறது. தன் கல்யாணத்தன்று பாதிரியார் முன்னாலேயே வந்திருக்கிறது.

மீன்பிடிப் படகுகளுக்கு மின்சார வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, ரோட் ஐலண்டில் நீர்மூழ்கிகளுக்கான கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் கேபிள் இணைக்கும் வேலை கூடிவந்தது. பாதுகாப்பு அனுமதி கிடைத்தால்தான் உள்ளே விடுவார்கள். பிறந்தது அமெரிக்காவில்தான் என்றாலும், அம்மா வழியில் அவள் போர்ச்சுகல் குடிமகளும்கூட. அம்மாவின் சொந்தபந்தமெல்லாம் போர்ச்சுகலைச் சேர்ந்த அசோர் தீவுகளில்.

அந்த அனுமதிக்காக விசாரிக்க வந்த அதிகாரி ஹாஸ்கின்ஸ் நரைத்த மனிதர். முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாது.

"போர்ச்சுகல் பாஸ்போர்ட் எதுக்கு வச்சிருக்கீங்க?"

"லிஸ்பன் ஏர்போர்ட்ல அந்த க்யூ சின்னதா இருக்கும் சார்."

"வெளிநாட்டு அரசாங்கப் பதவியில சொந்தக்காரங்க யாராவது?"

"குவால்டர் மாமா இருக்கார். ஊராட்சித் தலைவர்."

"அவருக்கு என்ன அதிகாரம்?"

"ரோட்டுல மாடு படுத்திருந்தா எழுப்பிவிடுவார்."

சொல்லும்போதே ஒடிலியாவுக்கு உதடு துடித்தது. ஹாஸ்கின்ஸ் 'மாடு' என்று சிரத்தையாக எழுதிக்கொள்வதைப் பார்த்ததும் அடக்க முடியாமல் மேசையில் கவிழ்ந்துவிட்டாள். அவர் பேனாவை மூடிக் காத்திருந்தார்.

"மாமா கேட்டா வேலை ரகசியத்தைச் சொல்லுவீங்களா?"

"நான் உண்டாயிருந்ததையே குழந்தை பிறந்தப்புறம்தான் சார் அவர்கிட்ட சொன்னோம்."

அடுத்த வாரம் அவள் அம்மா நத்தேர்சியா மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"உன் மாமன் திருவிழா மேடையில ஏறிட்டானாம்டி. எங்க ஒடிலியா அமெரிக்க நீர்மூழ்கிய ஓட்டப்போறான்னு மைக்குல சொல்லிட்டானாம்."

"ஓட்டப்போறேனா? மாமாவுக்கு யாரும்மா சொன்னா?"

"நீ வேலைக்குக் கேட்டிருக்கேன்னுதான் நான் சொன்னேன். மிச்சம் அவன் கற்பனை. விசாரிக்க வந்த அந்த ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியப்போகுது? வாய மூடிட்டு இரு."

ஒடிலியாவால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. வேலை போனதுதான் என்று முடிவுகட்டிக்கொண்டு, மறுநாள் காலை அவளே ஹாஸ்கின்ஸுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"மைக்குலயா?" என்றார் அவர்.

"ஆமா சார். பேண்டு வாத்தியத்தோட."

மறுமுனையில் முதலில் இருமல் போல ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. அவர் சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. அப்புறம் இருவருமாகச் சேர்ந்து சிரித்தார்கள்.

"முடிவெடுக்கிறது நான் இல்லம்மா, மேல இருக்கிறவங்க" என்றார் மூச்சு வாங்கியபடி. "ஆனா ஒண்ணு. வெளிநாட்டுல மாமா இருக்கிறது தப்பில்ல. இருக்கிறதை மறைச்சாத்தான் சந்தேகம். மறைக்கிறவங்களை எதிரி நாட்டுக்காரன் மிரட்டி வேலை வாங்கலாம் பாருங்க. உங்களை எதை வச்சு மிரட்டுறது? எல்லாத்தையும் நீங்களே சொல்லிடுறீங்க."

குளிர்காலம் முழுக்கப் பதில் இல்லை. படகுத்துறையில் பனியோடு மல்லுக்கட்டிக்கொண்டு பழைய வேலையையே பார்த்தாள். பனி உருகிய சமயம் தொழிற்சாலையிலிருந்து அழைத்தார்கள். அனுமதி கிடைத்துவிட்டது; இரண்டு குடியுரிமையும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள்.

ஒடிலியா போனைச் சோபாவில் எறிந்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். கீரை சூப் கிண்டிக்கொண்டிருந்த அம்மாவை இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இறக்கிவிடுடி, சூப்பு பொங்குது."

"பொங்கட்டும்மா."

"அங்க என்னதான்டி செய்யப்போற? என்கிட்டயாவது சொல்லு."

"உன்கிட்டயா?" என்றவள் அம்மாவின் கன்னத்தில் முத்தம் வைத்து, இன்னொரு சுற்றும் சுற்றினாள். இரண்டாவது சுற்றில் நத்தேர்சியாவும் கரண்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கிவிட்டாள்.