நடுங்காத கை

மருந்து எழுதுவது டொக்டரின் வேலை. அதை விழுங்கிய மனிதர் சட்டைப் பொத்தானைப் பூட்டுகிறாரா, தேநீரைச் சிந்தாமல் குடிக்கிறாரா, வெளியே போய்வருகிறாரா என்று பார்த்து டொக்டருக்குச் சொல்வது என் வேலை. யுத்த காலத்தில் கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றின் மனநோய் விடுதியில் தொழில்வழிச் சிகிச்சையாளராக இருந்தேன். "கூடை பின்னப் பழக்கிறனீங்களோ?" என்று சனம் கேட்கும். ஓம் என்று விட்டுவிடுவேன்.

வெள்ளவத்தையில் தமக்கையோடு இருந்த யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் கிளினிக்குக்கு வருவான். காதில் கேட்ட குரல்கள் மருந்துக் குளிசையால் அடங்கிவிட்டன. ஆனால் அதே குளிசையால் கை நடுங்கியது. டொக்டரிடம் எல்லாம் சுகம் என்பான். வீட்டை விட்டே இறங்குவதில்லை என்று என்னிடம்தான் சொன்னான். காலி வீதிச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டை அவன் கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. குற்றமில்லாதவன் ஏன் நடுங்குகிறான் என்று கேட்டு, தமக்கை வரும்வரை வெயிலில் இருத்தி வைத்திருந்தார்கள்.

நான் சொன்னதும் டொக்டர் அளவைக் குறைத்து, நடுக்கத்துக்கும் ஒரு குளிசை கொடுத்தார். நான் அவனுக்கு அட்டை நீட்டப் பழக்கினேன். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, இரண்டு கையாலும் பிடித்து நீட்டவேண்டும். ஆமிக்காரனாக நிற்க எங்கள் சிங்களச் சிற்றூழியரைக் கூப்பிட்டேன். அவர், தம்பி என்பதற்குச் சிங்களத்தில் சொல்லும் மல்லி, மல்லி என்று அன்பொழுகக் கேட்டார். அதட்டி உறுக்கிக் கேளுங்கள் என்றேன். உறுக்கினார்; அட்டை விழுந்தது. அவரே குனிந்து எடுத்துக் கொடுத்து மன்னிப்பும் கேட்டார். மூவரும் சிரித்தோம். இதையும் சிகிச்சை என்று செய்யவைத்த நாட்டின் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனநோய்க்கு மருந்தெடுக்கும் வருத்தக்காரன் என்று சிங்களத்தில் சொல்லவும் பழக்கப் பார்த்தேன். தமக்கை மறித்துவிட்டார். வெள்ளவத்தை முழுக்கத் தெரிந்தால் தங்கள் தங்கைக்குப் பேசிவரும் கலியாணச் சம்பந்தம் குழம்பிவிடுமாம்.

நடுக்கம் குறைந்தது, முற்றாகப் போகவில்லை. கொழும்பில் தங்கும் தமிழர் செய்யவேண்டிய பொலிஸ் பதிவைப் புதுப்பிக்கும் நாள் நெருங்க, அங்கே கை நடுங்கக்கூடாதென்று தமக்கை எவரிடமும் கேளாமல் எல்லாக் குளிசைகளையும் நிறுத்திவிட்டார். பதிவு நல்லபடி முடிந்தது. அடுத்த கிளினிக்கில், "பாத்தீங்களே மிஸ், கை ஒரு சொட்டும் நடுங்கேல்லை" என்றார். அவன் சுவரைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். டொக்டரிடம் கூட்டிப்போனேன். மருந்தைத் திரும்பத் தொடங்கச் சொன்னார். தமக்கை தலையாட்டினார்.

தலையாட்டினாரே தவிர, கொடுக்கவில்லை. சில நாளில், சாவடியில் நிற்கச் சொன்னதைக் கேளாமல், யாருடனோ கதைத்தபடி நடந்துபோனவனைப் பிடித்துவிட்டார்கள்.

குளிசைகளை எடுத்துக்கொண்டு தமக்கையோடு பொலிஸுக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார். தம்பிக்கு நரம்பு வருத்தம், கை நடுங்கும் என்றார். அங்கேயும் அவருக்கு உண்மை வாயில் வரவில்லை. மனநோய் என்று நான் சொன்னேன். ஆளுக்கொரு கதை சொல்கிறோம் என்று பொறுப்பதிகாரிக்குப் பட்டது. அவனைக் கொண்டுவரச் செய்து, கையை நீட்டச் சொன்னார்.

நீட்டினான். அந்த நடுக்கத்தைப் போக்கத்தான் மாதக்கணக்கில் பாடுபட்டிருந்தேன். இப்போது, நடுங்கடா, நடுங்கடா என்று மனதுக்குள் கெஞ்சினேன். கை அசையவில்லை.

"என் கையைவிட நன்றாக இருக்கிறதே, மிஸ்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, அதிகாரி குளிசைப் பக்கற்றை என் பக்கம் தள்ளிவிட்டார்.