குளிரில் வேர்த்த காலை

முதுகுளத்தூரிலிருந்து கொடைக்கானல் சென்ற நான், அங்கே மலைக்கிராமம் ஒன்றில் ஒரு வார யோகா முகாமில் சேர்ந்தேன். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதைக் கூச்சத்தில் சொல்லவில்லை. ஒரு நாள் காலை மாத்திரை போட்ட பிறகுதான் அன்று எல்லோருக்கும் உபவாசம் என்றார்கள். சமாளித்துவிடலாமென்று பயிற்சிக்குப் போனேன். பயிற்சியின்போது கை நடுங்கி, கண் இருட்டியது.

அறைத்தோழி கீழக்கரை ஆயிஷா என் நெற்றியைத் தொட்டார்.

"இந்தக் குளிருல வேர்க்குதே. சுகர் இருக்காக்கா?"

தலையசைத்தேன்.

"சுகர் இறங்கிட்டா எங்கம்மாவுக்கும் இப்படித்தான் வரும். இங்கனயே உக்காருங்க" என்றவர் அறைக்கு ஓடி, துபாயிலிருந்து கணவர் அனுப்பிய பேரீச்சம்பழத்தைக் கொண்டுவந்து ஊட்டினார். சிறிது நேரத்தில் தெளிந்தேன். ஆஸ்பத்திரியோ வெகுதூரத்தில், கொடைக்கானல் ஊருக்குள்தான் இருந்தது.

இப்போது எங்கே தங்கினாலும், உடன் இருப்பவர்களிடம் முதலில் என் நோயைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமலே என்னைப் புரிந்துகொள்ள எல்லா இடத்திலும் ஓர் ஆயிஷா இருக்க மாட்டார்.