அம்பாப் பாட்டும் கத்தல் பாட்டும்

வீட்டில் என் மனைவி இருந்தாள். அவளின் தம்பி இருந்தான். நான் இருந்தேன். மகன் கடலில் இறந்து ஒரு வருடம். திவசம் முடிந்ததால் இனிப் பாட்டுப் போடலாம் என்று இரண்டு சீடி வாங்கி வந்தேன். அவன் போனதிலிருந்து அவள் அழவேயில்லை. எனக்கு அதுதான் பயம்.

முதலில் அம்பாப் பாட்டு, கடலில் வலை இழுக்கும்போது பாடுவது. வலை இழுக்கிறவனுக்கு மூச்சு வாங்கும். இதில் பாடினவருக்கு வாங்கவில்லை. நல்ல குரல், பொய்ப் பாட்டு. அவள் சுவரையே பார்த்திருந்தாள்.

அடுத்தது பங்க் என்கிற கத்தல் பாட்டு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒரு பெடியன் தொண்டை கிழியக் கத்தினான்.

“அத்தான், உதைக் கேட்டால் காகமும் ஊரைவிட்டுப் போகும். நிப்பாட்டுங்கோ,” என்றான் தம்பி.

“நிப்பாட்டாதேங்கோ. உவன்தான் உள்ளதைச் சொல்லுறான்,” என்ற மனைவி, அந்தப் பெடியனோடு சேர்ந்து கத்தத் தொடங்கினாள். பிறகு அழுதாள்.

அழுதால் ஆறும் என்று நினைத்திருந்தேன். அவளுக்கும் எனக்கும் ஆறவில்லை.

மகனுக்கு வயது இருபத்திரண்டு.