ஈர டோக்கன்

என் நாத்தனாருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு. நேரில் அப்படிக் கூப்பிட ஒருவருக்கும் தைரியம் கிடையாது.

பதினேழு வருடம் அந்த அலுவலகக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்தவள். அலுவலகம் காலியானதும், இடிக்க வந்த கம்பெனி, மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவள் என்று அவளையே வாசலில் நிறுத்தியது. "கூட்டின இடத்தையே இடிக்கிறோமே, கஷ்டமா இல்லையா?" என்று மேஸ்திரி ஒருமுறை கேட்டார். "மொத்தமாப் பெருக்குறீங்க. எனக்கு வேலை மிச்சம்" என்றாள். சிரிக்கவில்லை.

டோக்கன் பலகை அவள் பொறுப்பு. உள்ளே போகிறவர் ஆணியிலிருந்து தன் தகர டோக்கனை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் தன் கையாலேயே மாட்ட வேண்டும். எல்லா ஆணியும் நிறைந்து அவள் கொடி காட்டினால்தான் இயந்திரம் சுவரைத் தொடும்.

தூசி பறக்காமல் தண்ணீர் பீய்ச்சுவது என் வேலை. ஒரே வீட்டில் இருந்தும் அவள் என்னோடு பேசி இரண்டு வருடம். அவள் தம்பி அவள் சொல்லை மீறி என்னைக் கட்டிக்கொண்டார், குற்றம் என்னுடையது.

அன்று மதியம் படிக்கட்டில், அங்கேயே வயர் உருவும் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் தன் டோக்கனை என் கையில் திணித்தார். "மேல ஒரு வயர்க் கட்டு விட்டுட்டேன். இதையும் மாட்டிடு, இதோ வந்துடறேன்."

அவள் லாரிக்காரரோடு சண்டையில் இருந்தாள். இரண்டையும் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். இடிக்கப் போவதாகச் சங்கு ஊதியபோது அவரைக் காணவில்லை. பின்வாசல் வழியாக வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வழக்கம்போல் அவள் டோக்கன்களை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். நின்றாள்.

"இது ஏன் ஈரமா இருக்கு?"

"பலகை நிறைஞ்சிருக்குல்ல, கொடியக் காட்டு தாயே" என்றார் மேஸ்திரி.

"தண்ணிக்காரி டோக்கன் ஈரமா இருந்தா சரி. வயர்க்காரன் டோக்கன்ல ஏதுய்யா தண்ணி?"

"வேர்வையா இருக்கும்."

"என் தம்பி என்னிக்கு வேர்க்க வேர்க்க வேலை செஞ்சான்?"

"கொடி பிடிச்சவுடனே கலெக்டர்னு நெனப்பு" என்று இயந்திரக்காரர் மேலிருந்து முனகினார். அவள் போய் இயந்திரத்தின் முன்னால் இடிபாட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"யார் மாட்டினது?"

என்னைத்தான் பார்த்தாள். ஈரக் கையைத் தூக்கினேன்.

"எந்த மாடி?"

நாலு விரல் காட்டினேன். அன்று இடிக்க வேண்டியது நாலாவது மாடிதான்.

அவளே ஏறிப்போய் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள். சத்தத்துக்குப் போடும் காதடைப்பை அவர் கழற்றியிருக்கவில்லை; சங்கே கேட்கவில்லை.

பலகையிலிருந்து எங்கள் இரண்டு டோக்கனையும் கழற்றி மேஸ்திரியிடம் நீட்டினாள். "இதுங்க ரெண்டும் வேண்டாம்."

"உசுரைக் காப்பாத்திட்டு வயித்துல அடிக்கிறியே, அக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் யாரையும் காப்பாத்தல. ஆள் குறையுதுன்னேன்."

எட்டு நாள் வீட்டில் அவர் அவளைத் திட்டித் தீர்த்தார். அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஒன்பதாம் நாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "தண்ணி பிடிக்க வந்தவன் சரியில்ல. அவள வரச் சொல்லு." அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "போனா காலை ஒடிப்பேன்" என்றார் அவர். போனேன்.

சாயங்காலம் டோக்கனை மாட்டுமுன் கையைப் புடவையில் துடைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது.

"துடைக்காத. அப்படியே மாட்டு."